ஐந்தரை வயது மகளுக்கு வீட்டில் கணக்கு: எந்த ஆசிரியர் கையேட்டை எடுப்பது?

நாமக்கல்_நிலா

எல்லோருக்கும் வணக்கம். மகள் யுகேஜி படிக்கிறாள். ஒன்று முதல் நூறு வரை பிழையில்லாமல் எழுதுவாள். நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் நட்சத்திரம். நானும் பெருமையாகத்தான் இருந்தேன்.

போன வாரம் தக்காளித் தொக்கு செய்ய உட்கார்ந்தபோது, "கூடையிலிருந்து ஏழு தக்காளி எடுத்து வா" என்றேன். இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தாள், ஒன்பது இருந்தது. எண்ணச் சொன்னேன். விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை சரியாக எண்ணினாள். "அப்ப மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறாள். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அதேதான். தக்காளிகளைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன். "இப்ப நிறைய ஆயிடுச்சு" என்றாள்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. பொருட்களைக் கையில் வைத்துச் சொல்லித்தரும் முறைக்கு ஆசிரியர்களுக்கென்றே கையேடுகள் இருக்கின்றனவாமே. தேடினால் தலை சுற்றுகிறது: அமெரிக்கப் புத்தகங்கள், சிங்கப்பூர் முறை, மாண்டிசோரி, நம் அரசுப் பள்ளிக் கையேடு. கையில் மூவாயிரம் ரூபாய் வைத்திருக்கிறேன். நான் படித்தது பி.காம்., ஆனாலும் கணக்கென்றால் இன்னமும் வயிற்றைக் கலக்கும். எதை வாங்கட்டும்?

சாக்பீஸ்

நிலா, பயப்படாதேம்மா. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். உன் மகளைப் போல நூறு வரை எழுதும் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

எண்ணுவதென்பது ஒரே வேலை போலத் தெரியும், அதற்குள் பல வேலைகள் இருக்கின்றன. எண் பெயர்களை வரிசை மாறாமல் சொல்வது ஒன்று. ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்று விரலும் வாயும் சேர்ந்து போவது இன்னொன்று. எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தக் குவியலின் பெயர் என்று புரிவது மூன்றாவது. கெல்மன், கேலிஸ்டல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் இதைப் பிரித்து எழுதினார்கள். உன் மகளுக்கு முதல் இரண்டும் வந்துவிட்டன. மூன்றாவதுதான் பாக்கி. அவளைப் பொறுத்தவரை 'ஒன்பது' என்பது கடைசித் தக்காளியின் பெயர், கூட்டத்தின் பெயர் அல்ல.

இன்னொன்றும் உண்டு. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், தான் சொன்னது தப்பு போல என்று நினைத்து பிள்ளை மறுபடி எண்ணத் தொடங்கிவிடும். அதனால் "எத்தனை இருக்கு?" என்று கேட்பதைக் கொஞ்ச நாள் விடு. "நாலு எடுத்துக் கொடு" என்று கேள். எண்ணிக்கொண்டே வந்து நாலில் நிறுத்துகிறாளா, அள்ளித் தருகிறாளா என்று பார். ஒன்று, இரண்டு, மூன்று வரை சரியாகத் தந்துவிட்டு நாலில் அள்ளினால், அவளுடைய இடம் மூன்று. அங்கிருந்து தொடங்கு. நூறிலிருந்து அல்ல.

புத்தகத்துக்கு வருகிறேன். கையேட்டை எங்கே பிரித்தாலும் ஒரு விஷயம் பார். "இதைச் செய்யுங்கள்" என்று மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடு. "பிள்ளை இப்படிச் செய்தால் அதற்கு இது பொருள், அடுத்து இதைக் கேளுங்கள்" என்று இருந்தால் காசு கொடு. செயல்பாடு எங்கேயும் கிடைக்கும். பிள்ளையின் தப்பைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் புத்தகம்தான் அருமை.

திருப்பூர்_கணக்குப்பிள்ளை

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து. என் மகனும் இந்த வயதில் இப்படித்தான் இருந்தான். தினமும் இரண்டு பக்கம் பயிற்சித்தாள், மூன்றே மாதத்தில் சரியாகிவிட்டான். இப்போது அபாகஸ் வகுப்பில் மூன்றாம் நிலை. விதை, குச்சி என்று விளையாடிக்கொண்டிருந்தால் ஒன்றாம் வகுப்பில் டீச்சர் கேட்கும் வேகத்துக்கு எப்படி ஈடுகொடுப்பது? வேலைக்குப் போய் வரும் பெற்றோருக்கு மணிக்கணக்கில் உட்கார நேரம் இருக்கிறதா? நூறு ரூபாய்க்குப் பயிற்சிப் புத்தகம் வாங்கினால் போதும் சகோதரி, மூவாயிரம் வேண்டாம்.

சாக்பீஸ்

தம்பி, உங்கள் மகனுக்கு சரியானது சந்தோஷம். ஆனால் அது தாளால் நடந்ததா, மூன்று மாதம் வயது கூடியதால் நடந்ததா என்று எப்படித் தெரியும்? நேரம் பற்றிச் சொன்னது நியாயம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், அதுவும் சமைக்கும்போதே. அவனிடம் இன்றைக்கு ஒன்று கேட்டுப் பாருங்கள்: "எட்டும் ஐந்தும் பதின்மூன்று. அப்போ எட்டும் ஆறும்?" முன்னால் வந்ததை வைத்து ஒன்று கூட்டிச் சொல்கிறானா, முதலிலிருந்து போடுகிறானா என்று மட்டும் பாருங்கள்.

சிங்கை_வாசி

சிங்கப்பூர் முறை பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். என் இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் தொடக்கப் பள்ளி முடித்தார்கள். பொருள், படம், குறியீடு என்ற மூன்று படி 1980-களின் தொடக்கத்திலிருந்து இங்கே பாடத்திட்டத்தின் அடிப்படை. புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் சொன்னதிலிருந்து எடுத்துக்கொண்டது. முதலில் கையில் பொருள், அப்புறம் அதையே படமாக வரைதல், அதற்கும் அப்புறம்தான் எண்ணும் குறியும்.

வாங்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. வீட்டில் சொல்லித்தருவோருக்கான சிங்கப்பூர் பாணிக் கையேட்டைத் தனியாக வாங்கிப் பயனில்லை. "பாடநூல் 14-ஆம் பக்கம் பார்க்கவும், பயிற்சி 6" என்றே போகும். பாடநூல், பயிற்சி நூல், கையேடு மூன்றும் சேர்ந்தால்தான் பொருள் வரும். மூன்றும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் பதிப்பு மாறினால் பக்க எண் எதுவும் பொருந்தாது. நான் பழைய புத்தகக் கடையில் மலிவு என்று அள்ளி வந்து இந்த வேடிக்கையில் மாட்டினேன்.

நடுவில் இருக்கும் படத்தை விட்டுவிடாதீர்கள். விதை வைத்து எண்ணிய பிள்ளையை நேராக 3 + 2 = என்று எழுதவைக்கிறோம். நடுவே ஒரு வாரம் வட்டம் வட்டமாக வரையட்டும். பிள்ளை விதையையும் எண்ணையும் தானே இணைத்துக்கொள்வது அங்கேதான்.

மூன்றாம்_அலமாரி

கோவையிலிருந்து. மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறோம், இப்போது எட்டு வயது. ஆசிரியர் கையேடு வாங்குவது எனக்கு ஒரு நோய், பெயரே சொல்கிறது பாருங்கள்.

அமெரிக்கப் புத்தகங்களில் நான் அதிகம் புரட்டியது கேத்தி ரிச்சர்ட்சனின் 'டெவலப்பிங் நம்பர் கான்செப்ட்ஸ்'. மூன்று தொகுதி. முதலாவது எண்ணுதல், ஒப்பிடுதல், ஒழுங்கு வடிவம். இரண்டாவது கூட்டல், கழித்தல். மூன்றாவது இடமதிப்பு, பெருக்கல், வகுத்தல். நிலா, மூன்றையும் வாங்க வேண்டாம், முதல் தொகுதி போதும். சாக்பீஸ் டீச்சர் சொன்ன சோதனையில் தேறும் புத்தகம். ஒரே விளையாட்டை எண்ணை மட்டும் மாற்றி வாரக்கணக்கில் ஆடலாம், பிள்ளைக்குச் சலிக்காது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அது வகுப்பறைக்கு எழுதியது. நாலு மூலையில் நாலு குழு, மேசைக்கு மேசை டப்பாக்கள் என்று கற்பனை செய்துகொண்டு எழுதியிருக்கிறார். நான் முதல் மாதம் அதை அப்படியே செய்ய முயன்று, இருபது ஐஸ்கிரீம் டப்பாவில் பொத்தான், சாவி, சிப்பி என்று நிரப்பி வரவேற்பறையைக் கடையாக்கிவிட்டேன். வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை, ஆனால் கால் வைக்க இடமில்லாமல் தாண்டித் தாண்டி நடந்தார். இரண்டு டப்பா போதும். குழுவாக ஆட வேண்டிய இடத்தில் நீங்கள் இரண்டாவது பிள்ளையாக உட்காருங்கள், அவ்வளவுதான். வேண்டுமென்றே தப்பாக எண்ணுங்கள். "அம்மா, அத ரெண்டு தடவ எண்ணிட்ட!" என்று அவள் பிடித்துவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது.

வண்ணக் கோல்கள் வாங்கலாமா என்று யாராவது கேட்பார்கள், அதனால் முன்கூட்டியே. கூசினேர் என்ற பெல்ஜிய ஆசிரியர் 1952-இல் புத்தகமாக வெளியிட்ட முறை அது. ஒரு செ.மீ. வெள்ளை முதல் பத்து செ.மீ. ஆரஞ்சு வரை பத்துக் கோல். விலை பார்த்துவிட்டு, தெரிந்த ஆசாரியிடம் ரீப்பரில் அறுத்துத் தரச் சொன்னேன். நன்றாகத்தான் அறுத்தார். ஆனால் ஏழையும் மூன்றையும் சேர்த்து வைத்தால் பத்துக் கோலுக்கு ஒரு நூல் குறைகிறது. ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் தின்ற மரத்தை இரண்டு பேருமே கணக்கில் எடுக்கவில்லை! பிள்ளை பார்த்துவிட்டு "ஏழும் மூணும் பத்து இல்லப்பா" என்று அப்பாவிடம் போய்ச் சொன்னான். அவன் சொன்னது சரிதான். கோல் வேண்டுமென்றால் துல்லியமானதை வாங்குங்கள், இல்லாவிட்டால் கட்டம் போட்ட தாளைத் தடிமனான அட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்ளுங்கள்.

ஈராசிரியர்_பள்ளி

பணியில் இருக்கும் ஆசிரியன். நம் கையில் இருப்பதை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துக்காக ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பருவந்தோறும் ஆசிரியர் கையேடு வருகிறது. தமிழில். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் தளத்தில் தேடினால் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பதுதான் வீட்டுக்கு உதவும். பிள்ளை எந்த வகுப்பு என்பதை விட எந்த நிலை என்று பார்க்கும் பழக்கம் வரும். நிலா அவர்களே, கணக்கில் அரும்பு நிலையை எடுங்கள்.

பாட்டும் ஆட்டமும் நிறைய இருக்கும். முப்பது பிள்ளைகள் கை தட்டிப் பாடுவதற்கு எழுதியது, வரவேற்பறையில் ஒரே ஒரு பிள்ளையோடு பாடினால் உங்களுக்கே கூச்சமாக இருக்கும். தயங்காமல் தாண்டிப் போங்கள். தினப்படித் திட்டத்தையும் பின்பற்ற வேண்டியதில்லை. எங்களுக்கே அதைப் பிடித்து ஓடுவதற்குள் மூச்சு வாங்குகிறது.

செயல்வழிக் கற்றல் காலத்து அட்டைகள் யார் வீட்டிலாவது இருந்தால் விடாதீர்கள். அந்த முறை 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் போனது. பிள்ளைகள் ஏணிப்படி மாதிரி அட்டவணையில் தங்கள் இடத்தைத் தாங்களே தேடி அட்டை எடுப்பார்கள். குறைகள் இருந்தன, ஆனால் மணிச் சரம், குச்சிக் கட்டு எல்லாம் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன.

சாக்பீஸ்

தம்பி சொன்னது முற்றிலும் சரி. அந்த அட்டைகளில் சில இன்னும் என் பரணில் கிடக்கின்றன, எலி கடித்த ஓரத்தோடு.

நாமக்கல்_நிலா

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன சோதனையைச் செய்தேன். மூன்று வரை சரியாகக் கொடுக்கிறாள், நாலில் தடுமாற்றம், ஐந்தில் அள்ளுகிறாள்! நூறு வரை எழுதும் பிள்ளையின் இடம் மூன்று என்பதை ஏற்றுக்கொள்ள ஒரு நாள் ஆனது.

அரசுக் கையேட்டை இறக்கி முதல் முப்பது பக்கம் நகல் எடுத்துவிட்டேன். ரிச்சர்ட்சனின் முதல் தொகுதியை அலமாரி அக்கா இரவல் தருகிறேன் என்று தனி மடலில் சொல்லியிருக்கிறார். ஆக மூவாயிரம் அப்படியே இருக்கிறது. பொருட்களுக்கு என்ன வாங்க வேண்டும்? மாண்டிசோரிக்கும் கையேடு இருக்கிறதா?

மூன்றாம்_அலமாரி

மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறு வந்து பயிற்சி நடத்தியவர், அதனால் சென்னையில் அந்த மரபு பழையது. ஆனால் பயிற்சிக்குப் போகிறவர்கள் தங்கள் குறிப்பேட்டைத் தாங்களே எழுதிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். கருவிகள் இல்லாமல் அந்தக் குறிப்புகளை மட்டும் படித்தால் நீச்சல் புத்தகம் படித்த மாதிரிதான். கருவிகளின் யோசனையைக் கடன் வாங்கலாம். எனக்குப் பிடித்தது குச்சிப் பெட்டி. சுழியம் முதல் ஒன்பது வரை பத்து அறை, மொத்தம் நாற்பத்தைந்து குச்சி. ஒன்று என்ற அறையில் ஒன்று, இரண்டில் இரண்டு என்று போட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாது, முதல் அறை காலியாகவே இருக்கும். தப்பு செய்தால் பெட்டியே சொல்லிவிடும், அம்மா சொல்ல வேண்டாம். துடைப்பத்து ஈர்க்குச்சியும் பத்து டம்ளரும் போதும்.

ஈராசிரியர்_பள்ளி

பொருளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். புளியங்கொட்டை எடுத்து ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான தரையில் வெள்ளை தெரியும்வரை தேயுங்கள். நம் பாட்டிமார் தாயம் ஆடக் காய் செய்தது இப்படித்தான். ஐந்து கொட்டையைக் குலுக்கிப் போட்டால் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. மறுபடி போட்டால் ஒன்று வெள்ளை, நாலு கறுப்பு. எப்படி விழுந்தாலும் ஐந்துதான். அமெரிக்க வகுப்பறைகளில் இதற்கு அவரை விதையின் ஒரு பக்கம் வண்ணம் அடிக்கிறார்கள். நமக்குத் தாயக்காயே இருக்கிறது.

அரிசி அளக்க ஆழாக்கு, உழக்கு வீட்டில் இருந்தால் அதையும் எடுங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. இரட்டிப்பு என்றால் என்ன என்று கொட்டி நிரப்பும் கைக்குத் தெரிந்துவிடும்.

திருப்பூர்_கணக்குப்பிள்ளை

ஒரு எச்சரிக்கை, அனுபவத்தில் சொல்கிறேன். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் கொட்டையை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். எங்கள் சின்னவள் ஒன்றை மூக்கில் போட்டுக்கொண்டு, ராத்திரி பதினொரு மணிக்கு மருத்துவமனைக்கு ஓடினோம். கணக்குப் பாடம் அன்றைக்குத்தான் ஒழுங்காக நடந்தது: ஐந்தில் ஒன்று குறைகிறது என்று பெரியவன்தான் கண்டுபிடித்தான்.

அப்புறம், டீச்சர் சொன்ன கேள்வியை அவனிடம் கேட்டேன். விரலைக் காற்றில் தட்டி அபாகஸ் மணியை நகர்த்துவது போலச் செய்து பதினான்கு என்றான். "எட்டும் ஐந்தும் பதின்மூன்றுன்னு சொன்னேனே, அது உதவலையா?" என்றேன். "அது வேற கணக்குப்பா" என்றான். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காலண்டர்_தாள்

கையேடு தேர்வு பற்றிய பேச்சில் மொழியை யாரும் தொடவில்லை. ஆங்கிலக் கையேடுகள் பதினொன்று முதல் பத்தொன்பது வரைக்கும் வாரக்கணக்கில் பாடம் ஒதுக்கும். காரணம் 'லெவன்', 'ட்வெல்வ்' என்ற சொற்களில் பத்து காதில் விழாது. 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டும் ஒன்று போலக் கேட்கும். தமிழில் பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும், முப்பது என்றால் மூன்று பத்து. சொல்லே பாடத்தை நடத்திவிடுகிறது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையானாலும் வீட்டில் தமிழில் எண்ணவையுங்கள். அந்தப் பக்கங்களைப் பாதிக்குப் பாதி தாண்டிவிடலாம்.

நமக்கு இடறும் இடம் வேறு, அது அந்தப் புத்தகங்களில் இருக்காது. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் தொண்ணூறு. அதற்குள் 'நூறு' ஒளிந்திருக்கிறது. என் பேரன் தொண்ணூறுதான் நூறைவிடப் பெரியது என்று ஒரு மாதம் சண்டை போட்டான். நூறை விட நீளமான பெயர், அதற்குள்ளே நூறும் இருக்கிறது, அவன் நியாயம் அவனுக்கு. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டு ஒன்பதை ஒரு பக்கமும் பத்தை இன்னொரு பக்கமும் அடுக்கிய பிறகுதான் அடங்கினான்.

என் பெயருக்குக் காரணம் பி.கே. சீனிவாசன் அவர்கள். சென்னையில் கணக்காசிரியராக இருந்து, ராயபுரத்தில் ராமானுஜனுக்கு ஒரு அருங்காட்சியகம் அமைத்தவர். மாதக் காலண்டர் ஒன்றை வைத்தே எவ்வளவோ கணக்கு செய்யலாம் என்று தனிப் புத்தகமே எழுதினார். காலண்டரில் 2, 3, அதற்குக் கீழே 9, 10 என்று நாலு கட்டத்தைச் சுற்றி வரையுங்கள். குறுக்கே கூட்டினால் இரண்டு பக்கமும் 12. எங்கே வரைந்தாலும் இரண்டு பக்கமும் சமம். இது நிலாவின் மகளுக்கு இன்னும் இரண்டு வருடம் கழித்து. இப்போதைக்கு, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைக் குப்பையில் போடாமல் சேர்த்து வையுங்கள். மாதக் கடைசியில் கலைத்துப் போட்டு வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள்.

நாமக்கல்_நிலா

ஆறு வாரம் கழித்து வந்திருக்கிறேன். இரவல் புத்தகத்தில் பத்துப் பக்கம் கூடத் தாண்டவில்லை, அரசுக் கையேட்டில் இன்னும் குறைவு. ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, அவள் சொல்வதை மட்டும் எழுதி வைக்கிறேன். அதைத்தான் இப்போது அதிகம் படிக்கிறேன்.

மூன்றாவது வாரம் "அஞ்சு கொடு" என்றபோது எண்ணிக்கொண்டே வந்து ஐந்தில் கையை மூடிக்கொண்டாள். "அஞ்சு அவ்வளவுதான், இதுக்கு மேல கெடையாது" என்றாள். எழுதி வைத்திருக்கிறேன், தேதியோடு.

இப்போது எங்கள் ஆட்டம்: ஐந்து தாயக்காயில் சிலவற்றை மாமியாரின் பழைய ஆழாக்கைக் கவிழ்த்து மூடுவேன். வெளியே மூன்று தெரிந்தால் உள்ளே எத்தனை? முதலில் ஆழாக்கின் மேலேயே விரலால் தட்டித் தட்டி, உள்ளே இருப்பதைப் பார்ப்பது போல எண்ணினாள். போன வாரம் தட்டாமலே "ரெண்டு" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நேத்தும் ரெண்டுதான இருந்துச்சு" என்றாள். அது புரிந்ததா, ஞாபகமா டீச்சர்?

சாக்பீஸ்

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். நாளைக்கு நாலு காயை வைத்து ஆடு. வெளியே மூன்று விட்டுவிட்டுக் கேள். "ரெண்டு" என்றால் ஞாபகம். யோசித்து "ஒண்ணு" என்றால் புரிந்திருக்கிறது. அப்புறம் ஆறு. பத்துக்குப் போக அவசரப்படாதே.

நாமக்கல்_நிலா

செய்தேன் டீச்சர். ஆழாக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "ஒண்ணுதான்" என்றாள். அப்புறம் அவளே ஆழாக்கை வாங்கிக்கொண்டு எனக்கு மூடத் தொடங்கினாள். ஒரு தடவை நாலையும் உள்ளே போட்டுவிட்டு, "இப்ப வெளிய எத்தனைன்னு சொல்லணும்மா?" என்று கேட்டாள். நீ சொல் என்றேன். வெறும் தரையைத் தடவிப் பார்த்தாள். "எண்ணவே ஆரம்பிக்கலையே, அதுக்கு என்ன பேரு?"

சாக்பீஸ்

நீ என்ன சொன்னாய்?

நாமக்கல்_நிலா

எதுவும் சொல்லவில்லை. காலையில் பத்து டம்ளரும் ஈர்க்குச்சியும் எடுத்து வைத்திருக்கிறேன்.